சிவப்புக் கோட்டினை நீலமாக்கிய வேலை

போன வாரம் வடக்கனந்தலில் இருந்து ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கரும்பு போடுகிறவர், நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் பழைய வாடிக்கையாளர். நான் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு மண்டையில் ஏறாது. வீடியோவில் ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் பேஜ் ஃபைல் என்று ஒன்று சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டால் இடமும் மிச்சமாம், மெஷினும் பறக்குமாம். கூடவே இவருடைய குரல் பதிவு. "மேடம், இத எங்கூட்டு சிஸ்டத்துல பண்ணலாங்களா?"

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். ஏன் என்று போனில் தட்டி அனுப்ப என் கழுத்தும் கண்ணும் இடம் கொடுக்காது. இருபத்தாறு வருஷம் குனிந்து குனிந்து கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த கழுத்து. அதனால் நோட்டில் எழுதிவிட்டேன். அவருக்கு இவ்வளவு தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது என்று எழுதி முடித்தபோது தெரிந்தது.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, விழுப்புரத்தில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்ததில் பாதி, கடைக்கு வந்த முதல் மாதத்திலேயே உதவாமல் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. முதலாளி பெயர் தணிகாசலம். ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி. என்று வரிசையாக ரிப்பேர் பார்த்து, கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "இன்னா பண்ணுது?" என்று கேட்பார். சொல்வார்கள். தலையாட்டிவிட்டு மறுபடியும் "இன்னா பண்ணுது?" என்பார். மூன்றாவது முறையும் கேட்பார். சிலருக்குக் கோபமே வந்துவிடும். நான் ஒருநாள் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, முதல் தடவை ஊரில் கேட்டதைச் சொல்வார்கள், இரண்டாம் தடவை பயந்ததைச் சொல்வார்கள், மூன்றாம் தடவைதான் கண்ணால் பார்த்ததைச் சொல்வார்கள் என்றார். வைரஸ் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாவது சுற்றில், "கீபோர்டுல கொழம்பு கொட்டிக்கிச்சு" என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அந்த மூன்றாவது பதிலை ஓர் அட்டையில் எழுத வேண்டும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், நம் வார்த்தை கூடாது. அட்டையின் நடுவில், நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு இடம் இருக்கும். கடைசியில் 'திருப்தி' என்று அச்சடித்து ஒரு கோடு. மெஷினை எடுத்துப் போகும்போது அதில் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு கட்டளையும் உண்டு. சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வேலையை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். அதை மறந்தால் நம் தலையை உருட்டிவிடுவார்.

இனி அந்த பேஜ் ஃபைல்.

எங்கள் கடையில் ஒரு மேசை. அதன்மேல் நான்கு சி.பி.யூ.வைப் பிரித்து வைத்து வேலை பார்க்கலாம். ஐந்தாவது வந்தால், அந்த நேரத்தில் கை வைக்காத ஒன்றைத் தூக்கிச் சுவர் ஓரம் கிடந்த பெஞ்சில் வைப்போம். அது தேவைப்படும்போது இன்னொன்றைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு இதை மேசைக்குக் கொண்டுவருவோம். தூக்கி இறக்க நேரம் ஆகும், இடுப்பு வலிக்கும், ஆனால் வேலை நிற்காது. கம்ப்யூட்டரில் மேசைதான் மெமரி. பெஞ்சுதான் பேஜ் ஃபைல், ஹார்டு டிஸ்கில் அதற்கென்று ஒதுக்கி வைக்கிற இடம். இரண்டும் சேர்ந்ததை வெர்ச்சுவல் மெமரி என்பார்கள். மேசை சின்னதாக இருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டரில் பெஞ்சுக்குப் போக்குவரத்து ஜாஸ்தியாக இருக்கும். டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும், மெஷின் மெதுவாகிவிடும். மெதுவானால் மக்களுக்குப் பிடிக்காது.

அதை மாற்றுகிற ஜன்னல் லேசில் வராது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அதற்குள் மறுபடியும் ஓர் அட்வான்ஸ்டு, அப்புறம்தான் வெர்ச்சுவல் மெமரி. மேலே ஒரு டிக் இருக்கும், சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்கு. அதை எடுத்தால் கீழே மூன்று வழி. அளவை நாமே எழுதுவது, சிஸ்டத்திடம் விடுவது, பேஜ் ஃபைலே வேண்டாம் என்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் 'செட்' என்ற பட்டனை அழுத்திய பிறகுதான் ஓகே கொடுக்க வேண்டும். செட் அழுத்தாமல் ஓகே கொடுத்தால் ஒன்றும் மாறியிருக்காது, மாறிவிட்டது என்று நாம் மட்டும் நினைத்துக்கொண்டிருப்போம். முதலாளியின் கணக்கு எளிமையானது. மெமரி எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண். இரண்டு ஜி.பி. மெஷினுக்கு மூன்று ஜி.பி. பெஞ்சு.

நான் கடையில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் சிவப்புக் கோடு வந்தது. புதிய சிஸ்டம்களில் மை கம்ப்யூட்டரைத் திறந்தால், ஒவ்வொரு டிரைவுக்கும் கீழே ஒரு பட்டைக் கோடு தெரியும். இடம் இருந்தால் நீலம், நிரம்பப் போகிறது என்றால் சிவப்பு. அதைக் கண்டுபிடித்தவர் என்ன நினைத்தாரோ, எங்கள் ஊரில் அது ஜுரம் பார்க்கிற கருவி ஆகிவிட்டது. மக்கள் கோட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். நான் மதர்போர்டில் கெபாசிட்டர் மாற்றியிருப்பேன், அரை நாள் உட்கார்ந்து வைரஸ் எடுத்திருப்பேன், அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். "இன்னா மேடம், இன்னும் செவப்பாவே கீது" என்று கையெழுத்துப் போடாமல் நிற்பார்கள்.

குப்பை ஃபைல்களை அழித்து, வேண்டாத கேம்களை எடுத்து நீலமாக்கலாம். ஒரு மணி நேரம் ஆகும், சில மெஷினில் அப்படியும் ஆகாது. ஒருநாள் சலித்துப்போய், அந்த ஜன்னலைத் திறந்து பேஜ் ஃபைல் வேண்டாம் என்பதை அமுக்கினேன். எச்சரிக்கை ஒன்று வந்தது. எஸ் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். மூன்று ஜி.பி. இடம் சட்டென்று காலி, கோடு நீலம். பெஞ்சுக்கு ஓடுகிற வேலையும் இல்லாததால் சின்னச் சின்ன வேலைகள் சுறுசுறுப்பாக நடந்தன. வந்தவர் கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அட்டையில் "இடம் சரி செய்தது, நீலம்" என்று எழுதுவேன். என்ன செய்து நீலமாக்கினேன் என்று எழுத மாட்டேன். முதலாளிக்குத் தெரியாது. வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கும் ஒரு லெட்டர் டைப் அடிக்கிறவர்களுக்கும் அதனால் ஒரு குறையும் வரவில்லை, அவர்களுக்கு மேசையே போதும். குறை வராததால் இது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை.

பொன்னுசாமி சார் வந்தது அப்படி ஒரு காலத்தில்தான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊர் அவருக்குச் சொந்த ஊர். அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். சி.பி.யூ.வைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். முதலாளி மூன்று முறை கேட்டார். மூன்றாவது பதிலை நான்தான் அட்டையில் எழுதினேன். "முப்பத்தோரு நெலம் வரையணும். பன்னண்டு வரஞ்சாச்சு. ஒவ்வொரு தபா சேவ் பண்ணவும் இருவது நிமிசம் ஆவுது. வேகமா வேணும்."

காட்டு எல்லைக்குள் தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் போட்டு வரும் முப்பத்தொரு குடும்பங்களுக்கு வன உரிமைப் பட்டா கேட்டு மனு. ஒவ்வொரு நிலத்துக்கும் எல்லை காட்டுகிற வரைபடம் சேர்க்க வேண்டும். ஊரில் கம்ப்யூட்டர் இருப்பது இவர் வீட்டில் மட்டும்தான். பெரிய வரைபடத் தாளைக் கீழே கொண்டுவந்து ஸ்கேன் செய்து, அதன்மேல் ஒவ்வொரு நிலமாகக் கோடு போட்டு நிறம் கொடுத்து அடுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் அந்தக் குடும்பத்தோடு நடந்துபோய் மூலைக்கு மூலை அளந்து வந்துதான் வரைகிறார் என்று சொன்னார். பள்ளிக்கூட நேரம் போக, ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து இரண்டு மாத வேலை. மனு வாங்குகிற கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அன்றைக்குத் தவறினால் அடுத்த கூட்டம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படம் ஏற ஏற மெமரி பிதுங்குகிறது, பெஞ்சை வைத்துத்தான் மெஷின் எப்படியோ சமாளிக்கிறது, இருபது நிமிஷம் அதனால்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். மெமரி கூட்ட வேண்டும், அந்த மாடலுக்கு சேலத்தில் இருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சாயந்திர பஸ்ஸில் மெஷினோடு மலைக்குத் திரும்ப வேண்டும் என்றார். திறந்து பார்த்தால் கோடு சிவப்பு. கை தானாக அந்த ஜன்னலுக்குப் போனது. கோடு நீலமானதும் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னப் படம் ஒன்றைத் திறந்து, சேவ் செய்து, மூடியும் காட்டினேன். "பறக்குது மேடம்" என்றார். திருப்தி என்ற கோட்டின்மேல் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், வாத்தியார் கையெழுத்து.

நாலு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைக்குப் போன் வந்தது. "மேடம், ஃபைலு தொறக்க மாட்டுது."

அடுத்த நாள் காலையில் முதல் பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக மலையேறினேன். இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். வேறு எந்த புரோகிராமையும் திறக்காமல் வரைந்ததால், பதிமூன்றாவதில் இருந்து முப்பதாவது நிலம் வரைக்கும் வேகமாகத்தான் போயிருக்கிறது. முப்பதாவதை முடித்துவிட்டு சேவ் கொடுத்திருக்கிறார். மெமரி போதவில்லை, புரோகிராம்களை மூடுங்கள் என்று வந்திருக்கிறது. மூடுவதற்குள் அதுவாகவே மூடிக்கொண்டது. பழைய ஃபைலின் மேல் புதியதைப் பாதி எழுதிய நிலையில் அறுந்துவிட்டது. இருந்தது போய்விட்டது, புதியதும் இல்லை. கடைக்கு வரும்போது நாங்கள் சொன்னதற்காக பென் டிரைவில் எடுத்த நகல் ஒன்று மிச்சம். அதில் பன்னிரண்டு நிலம். கூட்டத்துக்கு மூன்று நாள்.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மேசை நிறைந்ததும் இறக்கி வைக்க இடம் இல்லை. இருந்த பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டவள் நான். பேஜ் ஃபைல் மட்டும் இருந்திருந்தால் அந்த சேவ் இருபது நிமிஷம் இல்லை, நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் முடிந்திருக்கும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாவா இருக்கும் மேடம்?"

"கரண்டு ஏறி எறங்கியிருக்கும் சார். மலையில வோல்டேஜ் நிக்கறதில்ல இல்ல" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, அந்த ஜன்னலைத் திறந்து, மூன்று ஜி.பி. எழுதி, செட் அழுத்தி, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். கோடு மறுபடி சிவப்பானது. அறுந்த ஃபைலை மீட்க இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன், வரவில்லை. அவர் மனைவி அலமேலு எனக்கு ராகிக் களி போட்டுக் கொடுத்தார். சாப்பிட முடியாமல் சாப்பிட்டேன். இனிமேல் மெதுவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

கடையில் முதலாளி மூன்று முறை கேட்டார். முதலில் கரண்ட் என்றேன். இரண்டாவதிலும் கரண்ட் என்றேன். அவர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, "நீலம்னு எழுதிக்கீறியே, இன்னா பண்ணி நீலமாக்கின?" என்றார். மூன்றாவதில் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அலமாரியில் இருந்த அட்டைகளை எல்லாம் இறக்கி, என் கையெழுத்தில் நீலம் என்று இருந்தவற்றைப் பிரித்தார். நாற்பத்து மூன்று வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பழையபடி வைத்துவிட்டு வா என்றார். நாளைக்கு என்றேன். "இன்னிக்கே கெளம்பு" என்றார்.

அந்த நாற்பத்து மூன்று வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் அலுப்பாக இருக்கிறது. டவுன் பஸ், வெயில், தோளில் பை. வாசலில் நின்று, நல்லா ஓடுகிற மெஷினை நான் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எதையாவது விற்க வந்திருக்கிறேன் என்று இரண்டு வீட்டில் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். கச்சிராயபாளையத்தில் கம்ப்யூட்டரில் தையல் டிசைன் சேர்த்து வைத்திருந்த ஓர் அம்மா, கோடு சிவப்பானதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாகீறத கெடுத்துட்டு எங்க போற? நீலமாக்கிட்டு போ" என்று விடவே இல்லை. அவருக்கு மேசையையும் பெஞ்சையும் விளக்கியதில் ஒரு பஸ்ஸைத் தவற விட்டேன். கருணாபுரத்தில் ஒரு வீட்டில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, செட் அழுத்த மறந்து ஓகே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது சந்தேகம் வந்து, மறுநாள் போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. சிவப்பு பரவாயில்லை, அதுதான் சரி என்று நாற்பத்து மூன்று பேரிடம் சொன்னேன். நாலைந்து பேருக்குப் புரிந்திருக்கும். மீதிப் பேர் அப்புறம் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

எல்லா வீடும் முடிந்த அன்று அட்டைகளை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "அந்த வாத்தியாருகிட்ட சொல்லிட்டியா, கரண்டு இல்ல, நாமதான்னு?" என்றார்.

"சொல்லிட்டேங்க" என்றேன்.

எதையும் மூன்று முறை கேட்கிற மனிதர் அதை ஒரு முறைதான் கேட்டார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டாவது முறை கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதுவும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள நான் சொல்லிக்கொள்வதாக இருக்கலாம்.

சார் மனுவைக் கொடுத்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். மூன்று நாளில் உட்கார்ந்து முடித்துவிட்டாராம். பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்த ஊருக்குப் பட்டா வந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அதோடு அந்த விஷயத்தை மூடி வைத்துவிட்டேன். அவரும் மெஷினுக்கு ஒன்று என்றால் எங்கள் கடைக்குத்தான் வருவார், என்னைத்தான் கேட்பார். அது எனக்கு ஒரு மன்னிப்பு மாதிரி இருந்தது. நான் கேட்காமலே கிடைத்த மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளி போய்ச் சேர்ந்தார். அவர் மகன் கடையை எடுத்துக்கொண்டார். நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், பொன்னுசாமி சார் மெஷினுக்கு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் மாட்டச் சொல்லிக் கேட்டிருந்தார். மெமரியும் கூட்டிவிடலாம் என்று சொல்லி, இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே மலைக்குப் போனேன். அவர் அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தார். டிஸ்க்கை மாற்றி எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகு மூன்று ஃபைலையாவது வாடிக்கையாளர் கண்முன்னால் திறந்து காட்ட வேண்டும், இதுவும் பழைய முதலாளியின் கட்டளைதான். கணக்கு நோட்டு ஒன்று, பேரன் போட்டோ ஒன்று திறந்தேன். மூன்றாவதாகக் கைக்குக் கிடைத்தது அந்த வரைபடம்.

மலைச் சரிவு முழுக்கச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். அழகாக இருந்தது. சும்மா எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசி எண் முப்பது. அந்த அட்டையை எழுதினவள் நான் என்பதால் அந்த எண் எனக்கு மறக்காது.

"சார், முப்பத்தொண்ணு இல்ல சொன்னீங்க?"

"ஒண்ணு வுட்டுப்போச்சு மேடம். நேரம் பத்தல."

"யாருது சார்?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அலமேலு அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "எங்களுதுதான்."

நான் மவுஸை விட்டுவிட்டேன். சார்தான் மெதுவாகச் சொன்னார். வரைகிறவன் தன் நிலத்தை முதலில் போட்டுக்கொண்டான் என்று ஊர் பேசக்கூடாது என்று, தன்னுடையதைக் கடைசியாக வைத்திருந்தாராம். மூன்று நாளில் பதினெட்டுதான் முடிந்ததாம். படம் இல்லாத மனுவை வாங்க மாட்டோம் என்றார்களாம். பிறகு கையால் வரைந்த படத்தோடு தனியாக எழுதிக் கொடுத்து, அது போன இடமே தெரியாமல், மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். சுற்றி இருக்கிற முப்பது பேரிடமும் பட்டா இருக்கிறது, நடுவில் இவர் நிலத்துக்கு மட்டும் காகிதம் இல்லை. அவர் அப்பா காலத்தில் கல் பொறுக்கி, வரப்பு கட்டின நிலம்.

அப்போதுதான் சொன்னேன். கரண்ட் இல்லை சார், நான்தான், கோடு நீலமாகத் தெரியணும் என்று ஒரு செட்டிங்கை எடுத்துவிட்டேன் என்று. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து.

"தெரியும் மேடம்" என்றார். "ஃபைலு போன அன்னிக்குக் காலையிலேருந்து கரண்டே கெடையாது. உள்ரூம்ல இன்வெர்ட்டர் கீது, அதுலதான் ஓடிக்கினு இருந்துச்சு. கரண்டே இல்லாதப்ப எங்கேருந்து ஏறி எறங்கும்?"

ஃபைலைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் உள் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்புறம் ஏன் சார் எங்கிட்டயே வந்தீங்க?"

"வேற யாரு மேடம் மலையேறி வரப்போறாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே மெஷினைப் போட்டு அந்த முப்பத்தொன்றாவது நிலத்தை வரைந்தோம். அவர் அளவு சொன்னார், நான் கோடு போட்டேன். புது மெமரியில் கண் சிமிட்டுகிற நேரத்தில் சேவ் ஆனது. பேஜ் ஃபைலைச் சிஸ்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று டிக் போட்டு, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் படத்தை வைத்து மூன்றாவது முறையாக மனு கொடுத்திருக்கிறார். இதை எழுதுகிற வரைக்கும் பட்டா வரவில்லை. மாதம் ஒருமுறை நானே போன் செய்து கேட்கிறேன். "இன்னும் இல்ல மேடம்" என்பார், வேறு ஏதாவது பேசுவார்.

இப்போது கடையில் அட்டை கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். நான் விடைபெற்ற அன்று பழைய அட்டைகளை மூட்டை கட்டிப் பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்தார்கள். என்ன வேண்டும் மேடம் என்று முதலாளி மகன் கேட்டார். ஒரே ஓர் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டேன்.

மேசை டிராயரில் இருக்கிறது. மேலே, முப்பத்தோரு நெலம் வரையணும், வேகமா வேணும். நடுவில் என் கையெழுத்தில், இடம் சரி செய்தது, நீலம். கீழே திருப்தி என்று அச்சடித்த கோட்டின்மேல், நிறுத்தி நிதானமாக, பொன்னுசாமி.